ஊருக்குச் சொன்னது ஹெர்னியா

என் அக்கா கோயம்புத்தூரில் ஆபரேஷன் முடிந்து கோத்தகிரிக்குத் திரும்பியபோது, தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் நாங்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: ஹெர்னியா. குடலிறக்கம் என்றால் யாரும் மேற்கொண்டு துருவமாட்டார்கள். வயிற்றில் தையல், கனம் தூக்கக்கூடாது, குனியக்கூடாது, எல்லாம் பொருந்தி வருகிறது. நடந்தது வேறு. 118 கிலோவிலிருந்து 66 கிலோவுக்கு இறங்கியவளின் அடிவயிற்றில் மடிந்து தொங்கிய தோலை வெட்டி எடுத்துத் தைத்திருந்தார்கள்.

அந்த ஒரு சொல் எங்களுக்குக் கொடுத்த தொல்லையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் இந்த ஆபரேஷனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இதைப் பற்றித் தமிழில் தேடினால் பெரும்பாலும் கிளினிக் விளம்பரம்தான் கிடைக்கிறது. ஆபரேஷனுக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் ஒரு வருடம் எந்தப் படத்திலும் இல்லை.

உடல் பெருக்கும்போது தோலும் கூடவே இழுபடுகிறது. தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரத நார். இழுத்துவிட்டால் பழையபடி சுருங்கவைப்பது எலாஸ்டின். பத்துப் பதினைந்து வருடம் விடாமல் இழுபட்ட தோலில் இரண்டுமே நைந்துபோகின்றன. கழுத்துத் தளர்ந்த பழைய ஸ்வெட்டரை எத்தனை முறை துவைத்து மடித்து வைத்தாலும் கழுத்து கழுத்தாக வராது, அது மாதிரி. வயது, எத்தனை வருடம் அந்த எடையோடு இருந்தோம், எத்தனை கிலோ குறைந்தது, பரம்பரை, புகைப்பழக்கம் என்று பலவற்றைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள் மாறும். இருபத்தைந்து வயதில் 20 கிலோ குறைத்தவருக்கு ஓரளவு சுருங்கலாம். நாற்பதைத் தாண்டி 50 கிலோ குறைத்தவருக்கு அந்த நம்பிக்கை வேண்டாம். உடற்பயிற்சி வளர்ப்பது அடியில் இருக்கும் தசையை, மேலே இருக்கும் தோலை அல்ல. க்ரீம் விற்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

"அழகுக்காகப் பண்றது" என்று இதை ஒதுக்குபவர்கள், நீலகிரி மழைக்காலத்தில் இந்தத் தோலோடு ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். தோல் மடிப்புக்குள் காற்றுப் போகாது. வேர்வையும் ஈரமும் தேங்கி, தோலும் தோலும் உரசிப் புண்ணாகும், அதில் பூஞ்சை ஏறும். துணியே நாலு நாள் காயாத ஊரில் அந்த மடிப்பு மட்டும் எப்படிக் காயும்? அக்கா பள்ளி ஆசிரியை. காலையில் பவுடர் போட்டுக்கொண்டு போவாள், மத்தியானம் ஸ்டாஃப் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு மடிப்பைத் துடைப்பாள். வாடை வருகிறதோ என்ற பயத்தில் பஸ்ஸில் உட்காரமாட்டாள். ஐம்பது கிலோ குறைத்தும் இந்த நிலை. எடை குறைந்த பிறகுதான் அவள் உடம்பை அதிகமாக மறைக்க ஆரம்பித்தாள் என்பது எனக்கே அப்போது புரியவில்லை.

ஆபரேஷனில் வகை உண்டு. தொங்கும் தோலையும் அதனடியில் உள்ள கொழுப்பையும் மட்டும் வெட்டி எடுப்பது ஒன்று, பானிகுலெக்டமி என்பார்கள். அதோடு விலகிப்போன வயிற்றுத் தசைகளை நடுவில் இழுத்துத் தைத்து, தொப்புளுக்கும் தோலில் புது இடம் போடுவது இன்னொன்று. டம்மி டக் என்று சொல்வது இதைத்தான். தொப்புள் விஷயம் வேடிக்கையானது. தொப்புளை வெட்டி எடுப்பதில்லை. அது தன் தண்டோடு இருந்த இடத்திலேயே இருக்கும். மேலிருந்து இழுத்து இறக்கிய தோலில் புதிதாக ஒரு துளை போட்டு, அதன் வழியாக அதை எட்டிப்பார்க்க வைப்பார்கள். இடுப்பைச் சுற்றி முழுவட்டமாக வெட்டுவது, கைத்தோல், தொடை, மார்பு என்று மற்றவையும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்வதில்லை. பெரும்பாலும் சில மாத இடைவெளி விட்டு இரண்டு மூன்று தவணையாகச் செய்வார்கள்.

இது ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹோவர்ட் கெல்லி என்ற மகப்பேறு மருத்துவர் தொங்கும் வயிற்றுத் தோலைக் குறுக்காக வெட்டி எடுத்த வருடம் 1899. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓட ஆரம்பித்த அதே வருடம். இனி இதைத் தேடி வருபவர்கள் கூடத்தான் செய்வார்கள். ஸ்லீவ், பைபாஸ் என்று எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் ஒரு பக்கம். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வெகோவி என்று எடை குறைக்கும் ஊசிகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது இன்னொரு பக்கம். எடை எந்த வழியில் குறைந்தாலும் தோலுக்குத் தெரிவது ஒன்றுதான்: உள்ளே இருந்தது போய்விட்டது. ஊசி போட்டுக்கொள்பவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பட்டினி இருந்தும் வயிற்றில் சாப்பாடு மிச்சமிருந்தால் மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும்.

எடை குறைந்தவுடன் ஓடிப்போய் இதைச் செய்துகொள்ள முடியாது. இரைப்பை ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகட்டும் என்பார்கள். அதிலும் கடைசி மூன்று முதல் ஆறு மாதம் எடை ஏறாமல் இறங்காமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நிற்காத உடம்பில் தைத்தால் தோல் மறுபடி தளரும். புகையிலை எந்த உருவத்தில் இருந்தாலும் குறைந்தது நாலு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நிகோடின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஏற்கெனவே இழுத்துத் தைத்த தோலின் ஓரத்துக்கு ரத்தம் போகாவிட்டால் அந்த ஓரம் கறுத்துச் செத்துப்போகும்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. சிறிய இரைப்பையோடு ஒரு வருடம் வாழ்ந்தவர்களுக்கு இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, புரதம் எல்லாமே அடிமட்டத்தில் இருப்பது சகஜம். அக்காவுக்கு ஹீமோகுளோபின் 9. ஆபரேஷன் தேதியைத் தள்ளி வைத்தார்கள். இரும்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை. அங்கிருந்த உணவு ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை டீ?" நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கோத்தகிரியில் அதை யார் எண்ணுகிறார்கள்? டிபனோடு ஒன்று, சாப்பாடு முடிந்த கையோடு ஒன்று, யாராவது வந்தால் ஒன்று, யாரும் வராவிட்டால் அதற்கும் ஒன்று. தேயிலையில் உள்ள டானின் வகைச் சத்துகள் கீரை, பயறிலிருந்து வரும் இரும்பை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரைக்கும் டீக்கும் இடையிலும், சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையிலும் குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். பைபாஸ், ஸ்லீவ் ஆனவர்களுக்கு இரும்பு உறிஞ்சுவதே குறைவு என்பதால் சிலருக்கு ரத்தக் குழாய் வழியாகத்தான் ஏற்ற வேண்டியிருக்கும். அக்காவுக்கும் கடைசியில் அப்படித்தான் ஏற்றினார்கள். டீயை மட்டும் விடவில்லை, நேரத்தை மாற்றிக்கொண்டாள்.

மலையில் இருப்பவர்களுக்கு வீடு திரும்புவதே ஒரு தனி அத்தியாயம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுக்கு வளைவு வயிறு ஒரு பக்கம் சரியும். குன்னூர் வழியில் 14 கொண்டை ஊசி வளைவு. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி ஏறினால் 36. புதுத் தையலோடு ஒரு முறை வாந்தி எடுத்தால் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. மழை நாளில் மண் சரிந்தால் ரோடே இருக்காது. அதனால் எங்கள் டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: காயத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் ட்ரெய்ன் குழாயை எடுக்கும்வரை கீழேயே இருங்கள். கோயம்புத்தூர் உக்கடத்தில் சித்தி வீட்டில் பதினோரு நாள் இருந்தோம். இடம் கிடைக்கிறவர்கள் இதைச் செய்வது நல்லது. ஏறும் நாளில் முன் சீட்டைச் சாய்த்து உட்கார்ந்து, சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை, கிளம்பும் முன் வாந்திக்கான மாத்திரை, நடுவில் ஒருமுறையாவது இறங்கி ஐந்து நிமிடம் நடை.

அந்த ஐந்து நிமிட நடை சும்மா இல்லை. இந்த ஆபரேஷனில் உயிருக்கே ஆபத்தாகக்கூடியது காலில் ரத்தம் கட்டுவது. அசையாமல் இருந்தால் கெண்டைக்காலின் ஆழமான சிரைகளில் ரத்தம் உறையும். அது பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் நிலைமை கைமீறிவிடும். ஆபரேஷன் அன்று மாலையே, தப்பினால் மறுநாள் காலையில் எழுப்பி நடக்கவைப்பது இதற்காகத்தான். இறுக்கமான காலுறை, சிலருக்கு வயிற்றிலோ தொடையிலோ தினமும் போடும் ரத்த உறைவுத் தடுப்பு ஊசி என்று கொடுப்பதும் இதற்குத்தான். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ அது வாயு இல்லை. பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 108-ஐ அழைத்தால் எங்கே கொண்டுபோவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ட்ரெய்ன் என்று சொன்னேனே, அதுதான் முதல் பத்து நாளின் கதாநாயகன். தோலுக்கும் தசைக்கும் நடுவில் பிரித்த இடத்தில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அதை உறிஞ்சி எடுக்க இரண்டு மெல்லிய குழாய், முனையில் சுருங்கி விரியும் பிளாஸ்டிக் டப்பா. முதலில் ரத்தச் சிவப்பு, பிறகு கேரட் ஜூஸ் நிறம், கடைசியில் வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி வெளிர் மஞ்சள். காலையும் மாலையும் அளந்து, ஒரு பழைய டைரியில் எழுதினேன். இடது 80, வலது 65. இடது 70, வலது 40. 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால்தான் எடுப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி, "இன்னைக்கு எத்தனைடி?" என்று அக்கா தினமும் கேட்பாள். டப்பாக்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் நடந்தாள். ஜவுளிக்கடைப் பை. வாசலில் யாராவது பார்த்தால் கடைக்குக் கிளம்புகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

நடை என்றேனே, நிமிர்ந்து நடக்க முடியாது. தோலை இழுத்துத் தைத்திருப்பதால் முதல் ஒன்று இரண்டு வாரம் கூன் போட்டுத்தான் நடக்க வேண்டும். நிமிர முயன்றால் தையலில் இழுக்கும். படுக்கும்போதும் முதுகுக்கு மூன்று தலையணை, முழங்காலுக்கு அடியில் ஒன்று. முதுகு வலி வயிற்று வலியை மிஞ்சும். சமவெளியில் கூன் போட்டு நடப்பது ஒரு மாதிரி; எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏற 42 படி. இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கஷ்டம் என்று அப்போது தெரிந்தது.  வலி மாத்திரையிலும் ஒரு எச்சரிக்கை: இரைப்பை பைபாஸ் செய்தவர்கள் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் போன்றவற்றை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடக்கூடாது, புண் வரும். வலி மாத்திரையும் இரும்பு மாத்திரையும் சேர்ந்து மலச்சிக்கலைக் கொடுக்கும். முக்கினால் தையலுக்குக் கெடுதல் என்பதால் அதற்கும் முன்கூட்டியே மருந்து கேட்டு வாங்கிவிடுங்கள். இருமல், தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். சிரிப்புக்கும் அதே வைத்தியம்தான்.

இனி குளிர். மலைக்கு வந்த அன்று இரவு அம்மா வெந்நீர்ப் பையோடு வந்தார். துணியில் சுற்றி அக்காவின் அடிவயிற்றில் வைக்கப் போனவரின் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

"வைக்காதீங்கம்மா."

"குளிர் உள்ள இறங்கிடும்டி. பச்சை உடம்பு."

"அவளுக்கு அங்க உணர்ச்சியே இல்லம்மா. சுட்டாத் தெரியாது."

அம்மா நம்பவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள், நான் தொப்புளுக்குக் கீழே ஸ்பூன் காம்பால் மெல்லத் தொட்டேன். "தொட்டாச்சா?" என்று கேட்டாள். நான் இரண்டு முறை தொட்டு முடித்திருந்தேன். அம்மா பையை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டார்.

தோலைத் தூக்கும்போது அதிலுள்ள மெல்லிய நரம்புகள் அறுபடுகின்றன. தொப்புளுக்குக் கீழே மாதக்கணக்கில் மரத்துப்போய் இருக்கும். உணர்வு திரும்ப ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், சிறிய இடம் ஒன்று கடைசிவரை மரத்தபடியே இருப்பதும் உண்டு. வெந்நீர்ப் பை, ஹீட்டர், நெருப்புச் சட்டி எல்லாம் அந்தத் தோலைப் பொசுக்கினாலும் மூளைக்குச் செய்தி போகாது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வெந்நீர்ப் பையால் கொப்புளம் கண்டு திரும்பி வருபவர்கள் உண்டு. குளிரில் நடுங்குவதும் நல்லதல்ல, ரத்தக் குழாய் சுருங்கும். ஆகவே அடுக்கடுக்காகத் துணி, சாக்ஸ், குல்லா, கனமான கம்பளி. சூடு உடம்பிலிருந்து வரட்டும், வெளியிலிருந்து வைக்க வேண்டாம். நரம்பு முளைக்கும் காலத்தில் சுரீர் சுரீரென்று மின்சாரம் அடிப்பது போல் இருக்கும். சொறிந்தாலும் அடங்காத அரிப்பும் வரும். இரண்டும் நல்ல அறிகுறிகள்தான், ராத்திரி இரண்டு மணிக்கு அப்படித் தோன்றாது என்பது வேறு விஷயம்.

இறுக்கமான பெல்ட் உடையைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று: இரண்டு வாங்குங்கள். நாலு முதல் ஆறு வாரம், குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்கப் போட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரியில் ஒன்றைத் துவைத்தால் மூன்று நாள் ஈரம் நிற்கும். ஈர பெல்ட்டைத் தையலின் மேல் கட்டுவது பூஞ்சையை விருந்துக்கு அழைப்பது. அம்மா அவசரத்துக்கு ரூம் ஹீட்டர் முன்னால் காயப்போட்டு, எலாஸ்டிக் தொய்ந்து, வீணாய்ப் போன ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வாங்கினோம்.

பத்தியத்தில்தான் வீட்டில் பெரிய சண்டை. பருப்பு சாப்பிட்டால் தையல் சீழ் வைக்கும், முட்டை சூடு, மீன் ஆகவே ஆகாது, ரசஞ்சோறும் ரொட்டியும் போதும் என்பது பெரியவர்களின் தீர்ப்பு. அத்தனை நீளத் தையலை ஆற்ற உடம்பு கேட்பதே புரதம்தான். ஒரு நாளைக்கு 60 கிராமாவது, பலருக்கு அதற்கும் மேல் வேண்டும் என்பார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் 14 கிராம் அளவில் இருக்கும். ரசஞ்சோற்றில் என்ன இருக்கிறது? சிறுத்த இரைப்பையில் ஒரு வேளைக்குக் கொஞ்சம்தான் பிடிக்கும் என்கிறபோது முதல் வாயே புரதமாக இருக்க வேண்டும், சோறு கடைசியில். நல்லவேளை, மலையில் அவரைக்கும் பட்டர் பீன்ஸுக்கும் பஞ்சமில்லை. படகர் வீட்டு அவரைக் குழம்பு ஒன்று எதிர்வீட்டிலிருந்து வந்தது. பருப்பு வேண்டாம் என்ற அம்மா, அவரை பருப்பில் சேர்த்தி இல்லை என்று முடிவு செய்து பரிமாறினார். நான் வாதாடவில்லை.

சரி, ஹெர்னியாவுக்கு வருகிறேன்.

மூன்றாவது வாரம் எதிர்வீட்டு அக்கா பார்க்க வந்தார். "டீச்சர், எங்க வீட்டுக்காரருக்கும் இதே ஹெர்னியாதான். லேப்ராஸ்கோப்பி. பத்தாம் நாளே கடையைத் திறந்துட்டாரு. நீங்க இன்னும் கூன் போட்டுட்டு நடக்குறீங்களே?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அக்காவின் முகம் மாறிவிட்டது. நாங்கள் கடன் வாங்கிய நோய்க்கு ஒரு கால அட்டவணை இருக்கிறது, அது எங்களுடைய அட்டவணை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. துளை போட்டுச் செய்யும் ஹெர்னியாவுக்கு ஓரிரு வாரத்தில் சாதாரண வேலைக்குத் திரும்பிவிடலாம். இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்புவரை வெட்டித் தசையையும் இழுத்துத் தைத்தவருக்கு, உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கே இரண்டு முதல் நாலு வாரம். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க ஆறு வாரமாவது ஆக வேண்டும். மறுநாள் காலை, தான் சோம்பேறி இல்லை என்று யாருக்கோ நிரூபிப்பது போல, அக்கா தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

சாயங்காலம் வயிற்றின் இடது பக்கம் உப்பியது. தட்டினால் தண்ணீர்ப் பை மாதிரி அலை அடித்தது. சீரோமா என்பார்கள்: குழாய் எடுத்த பிறகும் உள்ளே நீர் கோத்துக்கொள்வது. இந்த ஆபரேஷனில் அடிக்கடி வரும் சிக்கல் இதுதான், குடம் தூக்காதவர்களுக்கும் வரும். ஆனால் தையலின் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வாய் பிளந்ததற்குக் குடத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. மறுபடி கோயம்புத்தூர். ஊசியால் 120 மில்லி எடுத்தார்கள், அடுத்த வாரம் 60. பிளந்த இடத்தைத் தைக்காமல் தினமும் கட்டுப்போட்டே ஆறவிட்டார்கள், ஐந்து வாரம் ஆனது. காய்ச்சல், பரவும் சிவப்பு, நாற்றமடிக்கும் நீர் ஆகியவை இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்றார் டாக்டர். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகினால் உள்ளே ரத்தக் கசிவாக இருக்கலாம், அதற்கும் காத்திருக்கக்கூடாது.

மனசு ஆறுவதற்கு யாரும் டைரி வைத்து எழுதுவதில்லை. முதல் வாரத்திலிருந்து இரண்டாவது வாரத்துக்குள் அழுகை வரும். மயக்க மருந்து, வலி மாத்திரை, தூக்கமின்மை, பிறர் கையை எதிர்பார்த்து கழிப்பறைக்குப் போக வேண்டிய நிலை, எல்லாம் சேர்ந்து அப்படிச் செய்யும். அக்கா எடைமேடையில் ஏறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். ஆபரேஷனுக்கு முன்பிருந்ததைவிட ஒன்றரைக் கிலோ கூட. வெட்டி எடுத்தது மூன்று கிலோவுக்கு மேல்! உடம்பு வீங்கி நீரைப் பிடித்துவைத்துக்கொள்கிற நாட்கள் அவை. பெரும்பகுதி வீக்கம் வடிய மூன்று மாதம், முழுதாக வடிய ஆறு மாதம் முதல் ஒரு வருடம். காலையில் தட்டையாக இருக்கும் வயிறு சாயங்காலம் உப்பும். ஒவ்வொரு கிலோவையும் எண்ணியே வருடக்கணக்கில் வாழ்ந்தவருக்கு இது தோல்வி மாதிரித்தான் தெரியும். முதல் ஆறு வாரம் எடைமேடையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

அடுத்தது கண்ணாடி. தோல் போன பிறகும் மூளையில் இருக்கும் உடம்பு பழைய உடம்புதான். அக்கா பல மாதம் பஸ்ஸில் பக்கவாட்டாகத்தான் நுழைந்தாள். துணிக்கடையில் கை தானாக டபுள் எக்ஸெல் அடுக்குக்குப் போகும். இல்லாத கொழுப்பை உணர்வது எடை குறைத்தவர்களிடம் நன்றாக அறியப்பட்ட விஷயம். மெல்ல மெல்லத்தான் விலகும். தழும்பும் அப்படித்தான். விளம்பரப் படத்தில் வெள்ளைக் கோடாக இருப்பது நம் நிறத்தில் முதல் ஆறு மாதம் கறுத்தோ சிவந்தோ தடித்தோ இருக்கும். அடங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம். காயம் மூடிய பிறகு சிலிக்கோன் ஷீட் அல்லது ஜெல், மென்மையான மசாஜ். கைத்தழும்பு உள்ளவர்கள் வெயிலையும் கவனிக்க வேண்டும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் புறஊதாக் கதிர் பத்து சதவீத அளவுக்குக் கூடும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் குளிரடிக்கிறது என்பதற்காக வெயில் சுடாது என்று அர்த்தமில்லை.

இதற்கெல்லாம் மேலே ஊர் வாய். நம்மிடம் "உடம்பு போட்டிருக்கே" என்பது நலம் விசாரிப்பு, "இளைச்சுட்டியே" என்பது துக்கம் விசாரிப்பு. "சுகரா?" "வேற ஏதாவதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஒரு கல்யாண வீட்டில் மாமாவிடம், அதாவது அக்கா வீட்டுக்காரரிடம், "டீச்சருக்குச் சாப்பாடு ஒழுங்கா போடுறீங்களா இல்லையா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். மாமா சிரித்து மழுப்பினார். வீட்டுக்கு வந்ததும் செலவைப் பற்றிச் சண்டை வந்தது. லட்சக்கணக்கில் போயிருந்தது, இன்சூரன்ஸ் ஒரு பைசா தரவில்லை. நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டில் அழகு சிகிச்சை பொதுவான விலக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு, அல்லது உடலுக்கு நேரடி ஆபத்தை நீக்கத் தேவை என்று டாக்டர் சான்றளித்த சிகிச்சை என்றால் மட்டுமே வழி உண்டு. மடிப்புப் புண்ணுக்கு இரண்டு வருடமாகத் தோல் டாக்டரிடம் போயிருந்தாலும் ஒரு சீட்டைக்கூட நாங்கள் எடுத்து வைக்கவில்லை. வைத்திருந்தால் கேட்டாவது பார்த்திருக்கலாம்.

பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் உடம்பைப் பற்றிய மனக்குறை குறைகிறது. சிலருக்குக் குறைவதில்லை, வயிறு முடிந்ததும் கை, கை முடிந்ததும் கழுத்து என்று தேடிக்கொண்டே போவார்கள். தோலைவிட மனசு பெரிய சுமையாக இருக்கும் இடம் அது. முன்பு மனசு சரியில்லாவிட்டால் தட்டில் போட்டுச் சாப்பிட்டு ஆறிக்கொண்டவர்களுக்கு இரைப்பை சிறுத்தபின் அந்த வழியும் அடைபட்டுவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அக்கா ஒருமுறை அழைத்தாள். முக்கால் மணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு வருடம் கழித்து எதிர்வீட்டு அக்காவிடம் அவளே உண்மையைச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அன்னைக்கு நான் கேட்டது தப்பாப் போச்சே டீச்சர்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, எடப்பள்ளியில் இருக்கும் தன் நாத்தனாரும் ஸ்லீவ் பண்ணிக்கொண்டு இதே தோலோடு கஷ்டப்படுவதாகவும், வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்றும் சொன்னார். அந்த நாத்தனார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். இருவரும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்தார்கள். என் டைரியையும் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த மார்ச்சில் அக்காவுக்குக் கைத்தோல் ஆபரேஷன். ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"கைத்தோல்னு சொல்லு" என்றாள். பிறகு, "கையில போடுற இறுக்கமான ஸ்லீவ் ரெண்டு ஜோடி வாங்கணும். மார்ச்சுலயும் பனி இருக்கும், ஒண்ணு காயாது" என்றாள்.